தூக்குக்குண்டு

மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து
விழவில்லை, விழப்போனார்.
சித்தாள் பையன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.
காலர் கிழிந்தது, ஆள் மிஞ்சினார்.
அப்படித்தான் ஃபோர்துனாத்தோ என் அறைக்கு வந்தார்,
கன்னத்தில் அதக்கிய கோகா இலையோடு,
தலைமுடியில் சிமென்ட்டோடு.

கொச்சபம்பாவில் மழை மறந்த ஆகஸ்ட்.
மார்பிலும் கைகாலிலும் பத்து ஒயர்களை ஒட்டினேன்.
தாளில் வந்த கோடுகளைப் பார்த்ததும்
வயதைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்டேன்.
"மிஸ்கே பக்கம்."
"மண் வீடா?"
"வேற என்ன வீடு அப்போ?"

இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி அனுப்பினேன்.
மறுநாள் அவருடைய இருபத்துநான்கு மணி நேரத்தை
பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன்.
அதிகாலை மூன்று பதினேழு.
துடிப்பு நின்றிருந்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கு.
பிறகு, வேலைக்குத் தாமதமாய் வந்தவன் மாதிரி
தலையைக் குனிந்தபடி
ஒரே ஒரு துடிப்பு.
அந்நேரம் என்ன செய்தீர்கள் என்றேன்.
"தூங்கினேன். நல்ல தூக்கம்."

டாக்டர் உர்கிதி படம் போட்டுச் சொன்னார்:
சுவர் வெடிப்பில் குடியிருக்கும் பூச்சி, வின்சூக்கா.
ராத்திரி முகத்தில் கடிக்கும்,
கடித்த இடத்தருகே கழியும்,
குழந்தை தூக்கத்தில் தேய்த்துக்கொள்ளும்.
அவ்வளவுதான். அன்றைக்கு வலிக்காது.
உள்ளே போனது நாற்பது வருடம்
சத்தமில்லாமல் இதயத் தசையை அரிக்கும்.
மின்சாரம் ஓடுகிற பாதையை அறுக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான்:
"எந்தச் சுவரு?"
யாரால் சொல்ல முடியும்.
"வடக்குச் சுவராத்தான் இருக்கும். அப்பா பூசாம விட்டது.
அதப் பாத்துப் பாத்துத்தான் நான் கொத்தனாரானேன்."
சிரித்தார்.
டாக்டர் பேனாவை மூடினார்.

புதிய பேஸ்மேக்கரின் விலை
அவருடைய பதினான்கு மாதக் கூலி.
எனவே இறந்த ஒருவர் மார்பிலிருந்து எடுத்து,
கிருமி நீக்கி, சோதித்த ஒன்று வந்தது.
பேட்டரி இன்னும் ஏழு வருடம்.
"யாரோடது?"
சொல்லக்கூடாது என்றோம்.
"சரி, நல்லா உழைச்ச ஆளா?"
அது எங்களுக்கே தெரியாது.

இடது காறையெலும்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது.
கண் விழித்தே கிடந்தார்.
ரத்தக்குழாய் வழியே ஒயர் இறங்குவதைத் திரையில் பார்த்து
"தூக்குக்குண்டு விடறீங்க" என்றார்.
"மெதுவா. காத்தடிச்சா நூல் பொய் சொல்லும்."
டாக்டரின் கை ஒரு கணம் நின்றது,
பிறகு இன்னும் மெதுவாக.
நுனி சுவரைத் தொட்டது.
தாளில், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால்
நிமிர்ந்த ஒரு குச்சி.

மூன்று மாதம் கழித்து மகளோடு வந்தார்.
நிவெஸ், ஏழு மாத வயிறு.
அவள் ரத்தத்திலும் இருந்தது.
வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்து இல்லை, பிறகுதான்.
பிறந்ததும் பிள்ளைக்கு முதலில் பார்ப்போம்,
இருந்தாலும் அறுபது நாள்,
பிஞ்சில் மருந்து நன்றாகக் கேட்கும் என்றேன்.
நிவெஸ் ஒன்றும் கேட்கவில்லை.
கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.

கருவியின் கணக்கைப் படித்துச் சொன்னேன்:
நூறு துடிப்பில் அறுபத்தொன்று அதனுடையது,
மீதிதான் உங்களுடையது.
"அப்ப கூலியப் பிரிச்சுக்கணும்" என்றார்,
மேலே பார்த்து, அந்தப் பெயர் தெரியாதவரிடம்.

போகும்போது என் அறைச் சுவரை
விரல்கணுவால் தட்டிக்கொண்டே போனார்.
கதவருகே நின்றார். மறுபடி தட்டினார்.
"பூச்சு விட்டிருக்கு. உள்ள பொள்ளல். கேக்குதா?"

கேட்டது.

நானும் மிஸ்கேக்காரிதான்.
பதினோரு வருடமாய் அடுத்தவர் கோடுகளைப் படிக்கிறேன்.
அவர்கள் போனபின் எழுந்து
அதே இடத்தில் இருமுறை தட்டிப் பார்த்தேன்.
ரத்தம் எடுக்கும் அறையை நான்கு மணிக்குப் பூட்டுவார்கள்.
மணி மூன்று ஐம்பது.